லாடம் இல்லாமல் தாண்டலாமா?

கேள்வி: டோக்கியோ ஒலிம்பிக்கில் லாடம் இல்லாத குதிரை தடை தாண்டியதாமே! என் குதிரைக்கும் லாடத்தைக் கழற்றிவிடலாமா?

பதில்: உண்மைதான். 2021-இல் நடந்த அந்தப் போட்டியில் ஸ்வீடன் வீரர் பெடர் ஃபிரெட்ரிக்சன், லாடமே அடிக்காத ‘ஆல் இன்’ குதிரையில் தனிநபர் வெள்ளியும் அணித் தங்கமும் வென்றார். ஆனால் கழற்றிய மறுநாளே தாண்ட விடாதீர்கள், பாவம். குளம்புச் சுவர் மாதம் 6 முதல் 10 மி.மீ. வரைதான் வளரும், ஆணித்துளை விழுந்த பகுதி வளர்ந்து கழியச் சில மாதங்கள் ஆகும். அதுவரை கெட்டியான சமதரையில் நடை போதும். 4-6 வாரத்துக்கு ஒருமுறை விளிம்பை அரத்தால் மழுக்கச் சொல்லுங்கள். கூராக விட்டால் பிளந்துகொள்ளும். அடிக்குளம்பைச் சீவ விடவே கூடாது. மெலிந்தால் சரளைக்கல் குத்தி நொண்டும். அதன் நடுவிலுள்ள முக்கோண மெத்தை கறுத்து நாறினால் அழுகல். பெரும்பாலும் கொட்டில் ஈரம்தான் காரணம். மணல் தளத்தில் தாண்டலாம். ஈரப் புல்லில் வேண்டாம்: லாடத்தில் திருகும் பிடிப்பாணி இல்லாததால் திருப்பத்தில் வழுக்கிவிடும்.