நாலு, ஆறு வயதுக் குழந்தைகளுக்கு 'எல்லோரும் ஒரே கட்சி' போர்டு கேம் சரிப்படுமா? எதில் தொடங்கலாம்?

லூடோ எடுத்தாலே கடைசியில் ஒருவர் அழுது, காய்களைக் கலைத்துவிட்டு எழுந்து போகிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் வீட்டிலும் ஆறு வயதுப் பெண், நாலு வயதுப் பையன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: தாராளமாகச் சரிப்படும். அழுகுணி ஆட்டமும் குறையும். ஆனால் எல்லோரும் சேர்ந்து ஜெயிக்கிற, இல்லையென்றால் சேர்ந்து தோற்கிற இந்த வகை விளையாட்டில் ஒரு சிக்கல் உண்டு. அது பெரும்பாலும் பெற்றோரால்தான் வரும்.

லூடோவில் அவரவர் காயை அவரவர் பார்த்துக்கொள்வோம். எல்லோரும் ஒரே கட்சி என்று ஆனதும் நமக்கு வாய் சும்மா இருக்காது. "அதை எடுக்காதே கண்ணா, இதை எடு" என்று ஆரம்பிப்போம். கொஞ்ச நேரத்தில் அம்மாவோ அப்பாவோ தனியாக ஆடிக்கொண்டிருப்பார், குழந்தை ஒப்புக்குச் சப்பாணியாகக் காயை நகர்த்திக்கொண்டிருக்கும். அப்புறம் அது எழுந்து டிவி பக்கம் போய்விட்டால் பிள்ளைக்குப் பொறுமையே இல்லை என்று குறைப்படுவோம். நாம் விட்டாலும் அக்கா விடமாட்டாள். தம்பியின் கையைப் பிடித்து அவளே காயை நகர்த்துவாள்.

அதனால் விளையாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது, யோசனை சொல்ல நமக்கு எவ்வளவு குறைவாக இடம் இருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்ப்பேன்.

அந்தக் கணக்கில் முதல் இடம் 'ஃபர்ஸ்ட் ஆர்ச்சர்டு'க்கு. ஜெர்மனியின் ஹாபா நிறுவனம் 1986-ல் வெளியிட்ட 'ஆர்ச்சர்டு' விளையாட்டின் குட்டி வடிவம் இது. இரண்டு வயதுக் குழந்தையே ஆடலாம். நாலு மரம், மரத்துக்கு நாலு பழம். பகடையில் நிறம் விழுந்தால் அந்த நிறப் பழத்தைப் பறிக்கலாம். கூடை விழுந்தால் எந்தப் பழம் வேண்டுமானாலும் ஒன்று எடுக்கலாம். காக்கை விழுந்தால் காக்கை ஒரு படி முன்னால் வரும். அது தோட்டத்துக்குள் நுழைவதற்குள் எல்லாவற்றையும் பறித்துவிட்டால் எல்லோருக்கும் ஜெயிப்பு. கூடை விழும்போது மட்டும்தான் யோசிக்க வேண்டும். எந்த மரத்தில் அதிகம் மிச்சமோ அதில் எடுப்பது புத்திசாலித்தனம். அதை நீங்கள் சொல்லாதீர்கள், அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

வெளிநாட்டுப் பெட்டி, விலை கொஞ்சம் கூடுதல். நாங்கள் வாங்குவதற்கு முன்னால் வீட்டிலேயே செய்து பார்த்தோம். மே மாதம், மொட்டை மாடியில் மாமியார் வடகம் பிழிந்து காயவைக்கும் காலம். விளையாட்டுக்குப் பெயரே 'காக்காயும் வடகமும்' என்று ஆகிவிட்டது. ஓர் அட்டையில் வெள்ளைத் துணி மாதிரி ஒரு சதுரம். தையல் டப்பாவிலிருந்து நாலு நிறத்தில் நிறத்துக்கு நாலாகப் பதினாறு பொத்தான், அவைதான் வடகம். சாதாரணப் பகடையில் 1 முதல் 4 வரை ஒவ்வொன்றும் ஒரு நிறம். 5 விழுந்தால் இஷ்டப்பட்ட ஒன்றை எடுக்கலாம், 6 விழுந்தால் காக்காய் ஒரு கட்டம் நகரும். ஐந்தாவது கட்டம் துணி. அங்கே வந்துவிட்டால் வடகம் போச்சு. இந்தக் கணக்கில் பாதிக்கு மேல் நாம் ஜெயிப்போம், அதே சமயம் தோற்கவும் தோற்போம். கட்டத்தைக் கூட்டினால் சுலபமாகிச் சப்பென்று போய்விடும்.

இதில் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. தினமும் காலையில் கைப்பிடிச் சுவரில் காக்காய்க்குச் சோறு வைக்கிற பாட்டியைப் பார்த்து வளர்ந்த பையன், பாதி ஆட்டத்தில் கட்சி மாறிவிட்டான். "பாட்டி, காக்காய்க்குப் பசிக்கும்ல?" பாட்டியும் "ஆமாண்டா தங்கம், ஒண்ணு குடுத்தா என்ன" என்று சேர்ந்துகொண்டார். பெண்ணுக்குக் கோபம் வந்துவிட்டது. கடைசியில் அவர்களே ஒரு விதி போட்டுக்கொண்டார்கள்: காக்காய்க்கு ஒரு வடகம் கொடுத்தால் அது ஒரு கட்டம் பின்னால் போகும், ஆனால் இரண்டு முறைக்கு மேல் கொடுக்கக்கூடாது. ஆட்டம் சுலபமானதுதான். இருந்தாலும் கடையில் வாங்கிய பெட்டியில் இப்படி விதியை மாற்றத் துணிந்திருப்பார்களா என்று தெரியவில்லை.

அடுத்த படி 'ஹூட் அவுல் ஹூட்', நாலு வயதிலிருந்து. சூரியன் உதிப்பதற்குள் ஆந்தைகளைக் கூட்டுக்குச் சேர்க்க வேண்டும். ஒவ்வொருவர் முன்னாலும் மூன்று நிறச் சீட்டுகள் திறந்தே இருக்கும். சூரியன் சீட்டு வந்திருந்தால் அதைத்தான் போட்டு, சூரியனை நகர்த்தியாக வேண்டும். மூன்று ஆந்தையில் ஆரம்பித்து, பழகப் பழக ஆறு வரை கூட்டலாம். சீட்டுகள் எல்லோருக்கும் தெரிவதால் வாய் அரிக்கும் இடம் இதுதான். எங்கள் வீட்டு விதி: சீட்டு யாருடையதோ கை அவருடையது, அவராகக் கேட்டால்தான் யோசனை. பின்னால் தங்கிவிட்ட ஆந்தையை விட்டுவிட்டு, தனக்குப் பிடித்த ஆந்தையையே பையன் கூட்டுக்கு ஓட்டுவான். ஓட்டட்டும். சூரியன் வந்து தோற்றால் தோற்கட்டும். சேர்ந்து தோற்கும்போது அழுகை கொஞ்ச நேரம்தான், உடனே "இன்னொரு ஆட்டம்" என்பார்கள். நீங்கள் திருட்டுத்தனமாகச் சூரியனை நகர்த்தாமல் விட்டுவிடாதீர்கள். ஆறு வயதுக்கு அது நன்றாகவே தெரியும்.

சென்னைக்காரர்களுக்கு ஒரு யோசனை: கத்திரி வெயிலில் ஃபேன் இல்லாமல் உட்கார முடியாது, ஃபேன் போட்டால் சீட்டு பறக்கும். பாயில் உட்கார்ந்து ஆடுபவர்கள் பொத்தானும் சோழியும் உள்ள ஆட்டங்களில் ஆரம்பிப்பது உத்தமம். சீட்டு ஆட்டங்களை மழைக்கு லீவு விடும் நவம்பருக்கு வைத்துக்கொள்ளலாம்.

பெரியவளுக்கு மட்டும் என்றால் 'அவுட்ஃபாக்ஸ்டு' நல்லது. பதினாறு நரிகளில் திருடன் யார் என்று தடயம் வைத்து ஒவ்வொருவராகக் கழிக்கும் ஆட்டம், ஐந்து வயதிலிருந்து என்று போட்டிருப்பார்கள்.

காசு செலவே வேண்டாம் என்றால் ஆடு புலி ஆட்டம் இருக்கிறது. தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டு, மூன்று புலி நீங்கள், பதினைந்து ஆடும் பிள்ளைகள் இருவருக்கும் சேர்த்து. எதிரியே நீங்கள் என்பதால் யோசனை சொல்ல வழியே இல்லை; சொன்னாலும் நம்பமாட்டார்கள்! நாலு வயதுக்கு முழு விதியும் பிடிபடாது. ஆட்டை எங்கே வைப்பது என்று அக்காவோடு சண்டை போடும் அளவுக்குப் புரிந்தால் போதும்.

லூடோவை மட்டும் பரணில் ஏற்றிவிடாதீர்கள். தனியாகத் தோற்பதும் பழக வேண்டிய விஷயம்தான், வாரத்துக்கு ஒரு முறை இருக்கட்டும். இதே 'ஒரே கட்சி' வகையில் 'ஃபர்பிடன் ஐலண்ட்' நன்றாக இருக்கிறது என்று பலரும் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் பெட்டியிலேயே 10 வயது என்று போட்டிருக்கிறது. ஆறு வயதுப் பிள்ளையோடு அதை எடுத்தால் ஆடப்போவது நீங்கள் ஒருவர் மட்டும்தான். இப்போதைக்கு வாங்க வேண்டாம்.