வெள்ளிக்கிழமைதோறும் நீளும் பட்டியல்: டிராவல் டிரெய்லருக்கு 15 வருடக் கடன் வாங்கலாமா?

கேள்வி: டெக்சாஸில், டாலஸுக்குப் பக்கத்தில் ஃப்ரிஸ்கோவில் இருக்கிறோம். எனக்கு 44, கணவருக்கு 47 வயது. இருவரும் வேலைக்குப் போகிறோம். மகள் பத்தாவது, மகன் ஏழாவது. டென்னசியில் ஒரு சிறிய தொழிற்சாலையில் 23 அடி ஃபைபர்கிளாஸ் டிராவல் டிரெய்லர் (வண்டியின் பின்னால் கட்டி இழுத்துப் போகும் சிறு வீடு) கட்டித்தரச் சொல்லி கணவர் 5,000 டாலர் முன்பணம் கொடுத்துவிட்டார். அடிப்படை விலை 68,000. என்னென்ன கூடுதல் வசதி வேண்டும் என்ற பட்டியலை ஐந்து வாரத்தில் மூடிவிடுவார்கள், அப்புறம்தான் கட்டத் தொடங்குவார்கள். வரிசையில் எங்களுக்கு முன்னால் இருப்பவர்களின் டிரெய்லர் உருவாகும் படங்களை வெள்ளிக்கிழமைதோறும் அனுப்புகிறார்கள். அதைப் பார்த்துப் பார்த்து எங்கள் பட்டியல் 12,000 டாலருக்கு வந்து நிற்கிறது. 8.5 சதவீத வட்டியில் 15 வருடக் கடன் கிடைக்கிறது, 17,000 முன்பணம் போக மாதம் 670தான் என்கிறார். வட்டிக்கு வரிச்சலுகை உண்டாம், சோலாருக்கு 30 சதவீதம் திரும்ப வருமாம். சேமிப்பில் 72,000 இருக்கிறது. மாதச் செலவு 7,000, மாதம் 2,500 மிச்சம் பிடிக்கிறோம். வீட்டு வாசலில் நிறுத்த எச்.ஓ.ஏ. (குடியிருப்பு உரிமையாளர் சங்கம்) விடாது, வெளியே நிறுத்த மாதம் 110 டாலர் கேட்கிறார்கள். வருடத்துக்கு 30 இரவாவது போவோம் என்று நினைக்கிறோம். ஆர்டரை ரத்து செய்யச் சொல்லட்டுமா? – பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: ரத்து செய்ய வேண்டாம். ஆனால் இப்போது இருக்கும் கணக்கோடு போகவும் வேண்டாம்.

உங்கள் கணவரை எனக்குப் புரிகிறது. தன் வீடு எழும்பும்போது தினமும் சாயங்காலம் போய் நின்று பார்த்து, ‘இங்கே ஒரு அலமாரி, அங்கே ஒரு ஜன்னல்’ என்று மேஸ்திரியிடம் சொல்லிக்கொண்டே இருப்போமே, அதே கதைதான். வித்தியாசம் என்னவென்றால் வீட்டில் வைத்த அலமாரி வீட்டோடு சேர்ந்து விலை ஏறும். டிரெய்லரில் வைத்தது தொழிற்சாலை வாசலைத் தாண்டிய அன்றே விலை இறங்கத் தொடங்கும்.

இந்தப் பட்டியலில் ஏறும் ஒரு 1,000 டாலர் சாமானுக்கு என்ன ஆகிறது என்று பாருங்கள். டெக்சாஸில் பதிவு செய்யும்போது 6.25 சதவீத வரி சேர்ந்து 1,062.50 ஆகும். முன்பணம் மாறாததால் அது முழுக்கக் கடனில் போய் உட்காரும். 8.5 சதவீதத்தில் 15 வருடம் கட்டி முடிக்கும்போது நீங்கள் கொடுத்திருப்பது 1,883 டாலர். வெள்ளிக்கிழமை படத்தில் பார்த்து ஆசைப்பட்ட 900 டாலர் டிவியும் ஸ்பீக்கரும் கிட்டத்தட்ட 1,700 ஆகிவிடும். பதினைந்தாவது வருடம் அந்த டிவி எங்கே இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

முழுக் கடனையும் இதே கண்ணால் பார்க்கலாம். 68,000 விலை, 12,000 கூடுதல் வசதி, 5,000 வரி, ஆக 85,000. உங்கள் கடிதத்தில் இந்த வரி எங்கேயும் இல்லை. 17,000 கொடுத்துவிட்டு 68,000 கடன் வாங்கினால் தவணை 670தான், அது சரி. ஆனால் வட்டி மட்டும் 52,500 போகும். ஐந்து வருடம் ஒழுங்காகக் கட்டிய பிறகும் 54,000 பாக்கி நிற்கும். அப்போது அந்த டிரெய்லர் 50,000-க்கு விலை போனால் நல்ல விலை என்பேன். அதுவும் வார்ப்பு ஃபைபர்கிளாஸ் என்பதால்தான். மரச்சட்டத்தில் அலுமினியத் தகடு அடித்த சாதாரண டிரெய்லர் இன்னும் கீழே இறங்கும். அதாவது விற்க நினைத்தால் கையிலிருந்து 4,000 போட்டு விற்க வேண்டும். கொரோனா காலத்தில் பலர் மாட்டியது இப்படித்தான். 2021-ல் ஆர்.வி. எனப்படும் இத்தகைய பயண வண்டிகளின் தொழிற்சாலைகளிலிருந்து 6 லட்சம் வண்டிகள் வெளியே போயின. 2023-ல் அது 3.13 லட்சமாகச் சுருங்கியது. அன்றைக்கு உச்ச விலையில், நீண்ட தவணையில் வாங்கியவர்கள் விற்க வந்தபோது வண்டியின் மதிப்பைவிடக் கடன் பெரிதாக நின்றது.

ஐந்து வருடக் கணக்கை ஒன்றாகக் கூட்டிப் பார்த்தேன். மதிப்பு இறக்கம் 30,000, வரி 5,000, வட்டி 26,000 சொச்சம், நிறுத்த வாடகை 6,600. காப்பீட்டுக்கும் பராமரிப்புக்கும் சேர்த்து என் உத்தேசம் 9,500. வருடத்துக்கு 15,500 வருகிறது. 30 இரவு என்றால் ஒரு இரவுக்கு 515 டாலர், கேம்ப்கிரவுண்ட் கட்டணம் தனி. அந்த 30 இரவும் நிச்சயமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நானும் ஒரு காலத்தில் மடக்கு டிரெய்லர் ஒன்றைப் பழையதாக வாங்கி 22 மாதம் வாடகைக்கு நிறுத்தி வைத்திருந்தேன். அதில் படுத்துத் தூங்கியது இரண்டே இரவு. நிறுத்த வாடகையை மட்டும் வகுத்தாலே ஒரு இரவுக்கு 715 டாலர். என் மனைவி இன்னும் அந்த எண்ணை மறக்கவில்லை.

வரிச்சலுகை விஷயத்துக்கு வருகிறேன். படுக்கை, சமையலறை, கழிப்பறை மூன்றும் இருந்தால் டிரெய்லரை இரண்டாவது வீடாகக் கணக்கில் காட்டி, அதன் மேல் வாங்கிய கடனுக்கான வட்டியைக் கழிக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் செலவுகளைத் தனித்தனியாகக் காட்டிக் கழிப்பவர்களுக்குத்தான் அது. அப்படிக் காட்டாதவர்கள் வருமானத்திலிருந்து மொத்தமாகக் கழித்துக்கொள்ளும் நிலையான கழிவு, தம்பதியருக்கு 2026-க்கு 32,200. நீங்கள் அனுப்பிய கணக்கில் வீட்டுக்கடன் வட்டியும் சொத்து வரியும் சேர்ந்தே 19,000தான். டிரெய்லர் வட்டி முதல் வருடம் சுமார் 5,700, அதையும் சேர்த்தால் 24,700. நிலையான கழிவே அதைவிடப் பெரியது, அதனால் இந்தச் சலுகையால் உங்களுக்கு ஒரு சென்ட் கூட வராது. சோலாருக்கான 30 சதவீதச் சலுகை 2025 டிசம்பர் 31-ஓடு முடிந்துவிட்டது. இன்னும் அதைச் சொல்லி விற்கிறார்கள் என்றால் அவர்கள் சொல்லும் மற்றதையும் இரண்டு முறை சரிபாருங்கள். அப்புறம், மொன்டானாவில் ஒரு கம்பெனி ஆரம்பித்து அதன் பெயரில் பதிவு செய்தால் விற்பனை வரியே இல்லை என்று யாராவது நண்பர் சொல்வார். டெக்சாஸில் குடியிருந்துகொண்டு அதைச் செய்வது 5,000 டாலரை மிச்சம் பிடிக்கப் போய் வம்பை விலைக்கு வாங்குவது.

இவ்வளவுக்கும் பெரிய விஷயத்தை நீங்கள் எழுதவே இல்லை. இதை எந்த வண்டி இழுக்கப் போகிறது? இணைப்பில் இருந்த காகிதங்களில் உங்களிடம் இருப்பது டொயோட்டா ஹைலாண்டர் ஹைபிரிட் என்று பார்த்தேன். அது இழுக்கக்கூடியது 3,500 பவுண்டு. நீங்கள் ஆர்டர் செய்திருக்கும் டிரெய்லர் வசதிகளோடு காலியாகவே 5,900, முழுச் சுமையோடு உச்ச வரம்பு 7,000. ஆக, ஒரு பிக்கப் வாங்காமல் இந்த டிரெய்லர் தொழிற்சாலையை விட்டு நகராது.

பிக்கப் விளம்பரத்தில் 11,000 பவுண்டு இழுக்கும் என்று போட்டிருப்பார்கள். அதைப் பார்க்காதீர்கள். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் மஞ்சள் பட்டை போட்ட ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல் போகக்கூடாது என்று அதில் எழுதியிருக்கும். நடுத்தர வசதியுள்ள ‘அரை டன்’ (சாதாரண அளவு) பிக்கப்பில் அது 1,500 என்று வைத்துக்கொள்ளுங்கள். டிரெய்லரின் எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கி வழியாக வண்டி மேல் இறங்கும். 7,000-த்தில் அது சுமார் 875. நீங்கள் நான்கு பேர் 600. மீதி 25 பவுண்டு. படேல் கடையில் வாங்கும் 20 பவுண்டு சோனா மசூரி மூட்டை ஒன்றைப் பின்னால் வைத்தால் கதை முடிந்தது. இதில் கொக்கியின் இரும்பு எடையை நான் சேர்க்கவே இல்லை. ஒரே பெயரில் விற்கும் பிக்கப்புகளிலேயே இந்த எண் 1,300-ம் இருக்கும், 2,000-ம் இருக்கும். சன்ரூஃபும் தோல் இருக்கையும் கூடக் கூட இந்த எண் இறங்கும். எனவே ஸ்டிக்கரைப் பார்த்து வாங்குங்கள்.

டிரெய்லருக்குள்ளும் இதே கணக்குதான். 7,000-த்தில் 5,900 போக 1,100. 40 காலன் தண்ணீர் நிரப்பினால் 330 பவுண்டு போய்விடும். மிச்சம் 770-க்குள் உங்கள் துணி, பாத்திரம், மளிகை, மகனின் சைக்கிள் எல்லாம் அடங்க வேண்டும். பட்டியலில் ஏறும் ஒவ்வொரு வசதியும் பணத்தை மட்டும் தின்பதில்லை, இந்த 770-ஐயும் தின்கிறது.

சரி, பட்டியலில் எதை வைப்பது, எதை எடுப்பது? பிறகு செய்ய முடியாதது, செய்தால் டிரெய்லரின் மேலோட்டில் துளை போட வேண்டியது, இவை மட்டும் தொழிற்சாலையில் செய்யட்டும். கனமான சக்கர அச்சு 500, வெயில் மறைப்பு 1,400, சோலார் பலகைகளும் உள்ளே ஓடும் ஒயரிங்கும் 2,600. மொத்தம் 4,500. லித்தியம் பேட்டரியும் இன்வெர்ட்டரும் ஒரு வருடம் கழித்து, உங்களுக்கு உண்மையில் எவ்வளவு மின்சாரம் தேவை என்று தெரிந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம். மெத்தை, டிவி, ஓவன் எல்லாம் கடையில் கிடைக்கும். 2,300 டாலர் அடுக்குக் கட்டில் வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் வேறு. மகள் பத்தாவது படிக்கிறாள். டிரெய்லர் வந்து இரண்டு கோடை விடுமுறை முடிவதற்குள் கல்லூரிக்குப் போய்விடுவாள். நான்கு பேருக்கென்று கட்டுவதில் பெரும்பாலும் மூன்று பேரும், அப்புறம் நீங்கள் இருவரும்தான் படுக்கப் போகிறீர்கள். சாப்பாட்டு மேசையை இறக்கினால் வரும் படுக்கை அந்த இரண்டு வருடத்துக்குப் போதும்.

நீங்கள் அனுப்பிய ஒப்பந்தத்தில் ஒரு நல்ல வரி இருக்கிறது. பட்டியல் மூடுவதற்கு முன் ஒரு முறை கட்டணம் இல்லாமல் வரிசையைத் தள்ளிப்போடலாம். அதைப் பயன்படுத்தி எட்டு மாதம் தள்ளுங்கள். மாதம் 2,500 என்றால் அதற்குள் 20,000 சேரும். மூன்று வருடப் பழைய பிக்கப் 38,000-க்கும், ஹைலாண்டரைக் கொடுத்தால் அதற்கு 25,000-மும் கிடைக்கும் என்று விசாரித்திருக்கிறீர்கள். வித்தியாசம் 13,000, வரியோடு 14,000-க்குள் அடங்கும். அதைக் கடனே இல்லாமல் முடித்துவிடலாம். புதிய பிக்கப்தான் வேண்டும், கார் கடன் வட்டிக்குப் புதிதாகச் சலுகை வந்திருக்கிறதே என்று கணவர் சொன்னால், அது அமெரிக்காவில் பூட்டிய புதிய வண்டிக்கு மட்டும், தம்பதியர் வருமானம் 2 லட்சம் டாலரைத் தாண்டினால் குறைந்துகொண்டே போகும், டிரெய்லருக்குக் கிடையவே கிடையாது என்று சொல்லுங்கள். இந்த எட்டு மாதத்தில் அந்தப் பிக்கப்பில் மூன்று முறை வாடகை டிரெய்லர் இழுத்துப் போய் வாருங்கள். 30 இரவு என்பது ஆசையா நடப்பா என்று அதிலேயே தெரிந்துவிடும்.

அப்போதும் ஆசை இருந்தால் கணக்கு இப்படி வரும். 72,500 விலை, வரியோடு 77,000. கொடுத்த 5,000-த்தோடு சேமிப்பிலிருந்து 30,000 போடுங்கள். சேமிப்பில் மிச்சம் இருக்கும் 42,000 உங்கள் ஆறு மாதச் செலவு, அதைத் தொடக்கூடாது. 42,000 கடன், ஏழு வருடம், அதே 8.5 சதவீதம். தவணை 665 டாலர். கணவர் சொன்ன 670-ஐ விட ஐந்து டாலர் குறைவு, எட்டு வருடம் முன்னால் முடிகிறது, வட்டி 52,500-க்குப் பதில் 13,900. வீட்டின் மேல் கடன் எடுத்து இதற்குப் போடாதீர்கள். 401(கே) என்ற ஓய்வுக்காலச் சேமிப்பிலிருந்தும் கடன் எடுக்க வேண்டாம். வேலை போனால் மறு வருடம் வரிக்கணக்கு கொடுக்கும் கெடுவுக்குள் அந்தப் பாக்கியைக் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் வருமானமாகக் கணக்கிட்டு வரியும், பெரும்பாலும் அதன் மேல் 10 சதவீத அபராதமும் போடுவார்கள்.

தொழிற்சாலையிடம் இரண்டு விஷயம் எழுத்தில் வாங்குங்கள். வரிசையைத் தள்ளினாலும் விலை மாறாது என்பது ஒன்று. பட்டியல் மூடும் நாளுக்குப் பிறகு மேற்கொண்டு முன்பணம் கேட்பார்களா, எவ்வளவு என்பது இன்னொன்று. சிறிய நிறுவனம் நொடித்துப்போனால் திவால் சட்டத்தில் வாடிக்கையாளர் முன்பணத்துக்கு 3,800 டாலர் வரைதான் முன்னுரிமை, அதற்கு மேல் இருப்பது எல்லாக் கடன்காரர்களோடும் வரிசையில் நிற்கும். 5,000-த்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

வெள்ளிக்கிழமைப் படங்களைக் கணவர் தொடர்ந்து பார்க்கட்டும். ஆனால் உங்கள் டிரெய்லரின் முறை வரும்போது மெத்தை உறை படம் கேட்க வேண்டாம். உள்சுவரை மூடுவதற்கு முன் ஒயரும் தண்ணீர்க் குழாயும் எப்படி ஓடுகின்றன என்று நாலு பக்கமும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நாலு வருடம் கழித்து எங்கோ ஒழுகினால் எந்த இடத்தைத் திறக்க வேண்டும் என்று அதைப் பார்த்துத்தான் தெரியும். எடுக்கப் போகும் நாளில் ஆர்.வி. பரிசோதகர் ஒருவரைக் காசு கொடுத்துக் கூட்டிப் போங்கள். கூரை மூட்டுகள், பிரேக், கேஸ், தண்ணீர் பம்ப் எல்லாம் அவர் ஓட்டிப் பார்த்து முடிக்கும் வரை மீதிப் பணத்துக்கான செக் உங்கள் பையிலேயே இருக்கட்டும். முதல் இரண்டு இரவு தொழிற்சாலைக்குப் பக்கத்திலேயே ஒரு கேம்ப்கிரவுண்டில் தங்குங்கள். எது வேலை செய்யவில்லை என்று அங்கேயே தெரிந்தால் மறுநாள் காலை திருப்பிக் கொண்டுபோய் நிறுத்திவிடலாம். ஃப்ரிஸ்கோ வந்த பிறகு தெரிந்தால் சரிசெய்ய மறுபடி டென்னசி வரைக்கும் இழுத்துக்கொண்டு போக வேண்டும்.