மருந்து ஏற்றிய மாட்டின் பால் கன்றுக்கு ஆகுமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் இருக்கிறோம். இரண்டு ஜெர்சி கலப்பு மாடுகள். ஒன்றுக்கு மடிவீக்கம் வந்து, மாட்டு டாக்டர் ஊசி போட்டு, காம்புக்குள் ஏற்ற டியூபும் கொடுத்தார். பாலைச் சொசைட்டிக்கு ஊற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டு வேளைப் பாலையும் கீழே கொட்ட மனசு வரவில்லை. காய்ச்சி வீட்டுக்கு வைத்துக்கொள்ளலாமா? கன்றுக்காவது கொடுக்கலாமா? மருந்து ஏற்றியது ஒரு காம்பில்தானே, மற்ற மூன்று காம்புப் பாலை ஊற்றினால் என்ன? போன நவம்பரில் பள்ளிப் பிள்ளைகள் நீல அட்டை பிடித்து ஊர்வலம் போனார்கள். ஐ.நா., உலக நாடுகள் என்று மைக்கில் பேசினார்கள். எங்கள் இரண்டு மாட்டுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

பதில்: பால் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். வீட்டுக்கு வேண்டாம், கன்றுக்கு வேண்டாம், மற்ற மூன்று காம்பின் பாலும் வேண்டாம்.

காய்ச்சினால் கிருமி சாகும். கிருமியைக் கொல்ல ஏற்றிய ஆன்டிபயாடிக் மருந்து அப்படிப் போய்விடாது. பென்சிலின் வகை மருந்துகள் கொதியில் ஓரளவு குறையும், அவ்வளவுதான். பென்சிலின் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அந்த மிச்சமே போதும், உடம்பெல்லாம் தடித்துவிடும். காம்புக் கணக்கும் உதவாது. ஊசி மருந்து ரத்தம் வழியாக நான்கு காம்புக்கும் போகிறது. டியூபில் ஏற்றியதும் மடியிலிருந்து ரத்தத்தில் கலந்து, கொஞ்சமாவது மற்ற காம்புகளில் இறங்கும்.

“கொஞ்சம்தானே, அத்தனை பேர் பாலோடு கலந்தால் தெரியவா போகிறது?” என்று பலர் கேட்கிறார்கள். கணக்கைப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனமும் சேர்ந்து நடத்தும் கோடெக்ஸ் என்ற உணவுத் தர அமைப்பு, பாலில் பென்சிலினுக்கு வைத்திருக்கும் உச்சவரம்பு கிலோவுக்கு 4 மைக்ரோகிராம். 1000 லிட்டர் பாலுக்கு ஏறக்குறைய 4 மில்லிகிராம். மடியில் ஏற்றும் டியூப்களில் பெரும்பாலும் நூற்றுக்கணக்கான மில்லிகிராம் மருந்து இருக்கும். அதில் சிறு பங்கு பாலில் வந்தாலே போதும், உங்கள் ஒரு கேன் ஊர் முழுக்கச் சேர்ந்த பாலையும் கெடுத்துவிடும்.

உறை ஊற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை நம் ஊரில் உண்டு. பாதி உண்மை. பாலில் மருந்து இருந்தால் தயிராக்கும் நல்ல கிருமியும் சாகும், தயிர் உறையாது. சோதனைக்கூடத்தில் செய்யும் ஒரு வகைப் பரிசோதனையும் இதே வழியில்தான் நடக்கிறது: பாலில் ஒரு கிருமியை வளரவிட்டு, வளர்கிறதா என்று பார்ப்பார்கள். ஆனால் மார்கழிக் குளிரில் நம் மலையில் சுத்தமான பாலே அடுப்படியில் துணி சுற்றி வைத்தால்தான் உறைகிறது. உறைந்துவிட்டது என்பதற்காக மருந்து இல்லை என்றும் ஆகாது, வரம்புக்கு மேல் இருந்தும் உறையலாம். வீட்டுத் தயிரை நம்பிக் கேனைத் தூக்காதீர்கள்.

நம்ப வேண்டியது டியூபின் உறையை. கடைசி டோஸுக்குப் பிறகு எத்தனை நாள் பாலை விற்கக் கூடாது என்று அதில் அச்சிட்டிருக்க வேண்டும் என்பது நம் நாட்டு மருந்து விதி. அந்த மருந்துக்கு நாள் கணக்கு தனியாகச் சோதித்து நிர்ணயிக்கப்படவில்லை என்றால், பாலுக்கு 7 நாளுக்குக் குறையக் கூடாது, இறைச்சிக்கு 28 நாளுக்குக் குறையக் கூடாது என்றும் அதே விதி சொல்கிறது. கடைசி டோஸிலிருந்து எண்ணுங்கள். முதல் ஊசியிலிருந்து எண்ணுகிறவர்கள்தான் அதிகம்.

கன்று விஷயத்தில் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பாதி ஊர் இதைத்தான் செய்கிறது, செய்வதில் கெட்ட எண்ணமும் இல்லை. அந்தப் பாலில் இருக்கும் மருந்து ஒரு நோயைக் குணப்படுத்தும் அளவுக்குப் போதாது. ஆனால் கன்றின் குடலில் இருக்கும் கோடிக்கணக்கான கிருமிகளில் சாதுவானவற்றைக் கொன்று, மருந்துக்கு அசையாதவற்றை மட்டும் மிச்சம் வைக்க அது போதும். மிஞ்சியவை பெருகிச் சாணத்தில் வரும். நாளைக்கு அதே கன்றுக்குக் கழிச்சல் வந்தால் அதே மருந்து பலிக்காது. சாணத்தைக் கேரட் தோட்டத்துக்கு எருவாகப் போடுகிறீர்கள். மழையில் அது ஓடைக்கு இறங்குகிறது. கோத்தகிரியின் எந்தச் சரிவில் இறங்கினாலும், கல்லாறோ மோயாறோ, கடைசியில் பவானிதான்.

இதில் இன்னொரு சிக்கல். எதிர்ப்பைக் கற்றுக்கொண்ட கிருமி அதைத் தன் வாரிசுக்கு மட்டும் கொடுப்பதில்லை. பிளாஸ்மிட் என்ற சிறு மரபணு வளையத்தைப் பக்கத்திலிருக்கும் வேறு இனக் கிருமிக்கும் கடத்திவிடும். மாட்டுக் குடலில் உருவானது மனிதருக்கு நோய் தரும் கிருமியிடம் போய்ச் சேர்வது இப்படித்தான்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு இங்கே வந்துவிட்டோம். கோலிஸ்டின் என்று ஒரு பழைய மருந்து. சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்பதால் மனிதருக்குப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். பிறகு வேறு எந்த மருந்துக்கும் அடங்காத கிருமிகள் வந்தபோது, தீவிர சிகிச்சைப் பிரிவில் கடைசி ஆயுதமாக மறுபடி கையில் எடுத்தார்கள். அதே மருந்தைப் பல நாடுகளில் பன்றிக்கும் கோழிக்கும் சீக்கிரம் எடை ஏறத் தீவனத்தில் கலந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 2015 நவம்பரில், கோலிஸ்டினை முறியடிக்கும் ஒரு மரபணு பிளாஸ்மிட்டில் ஏறிப் பயணம் செய்கிறது என்று சீன ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். பன்றியில் இருந்தது, கடை இறைச்சியில் இருந்தது, நோயாளிகளிடமும் இருந்தது. மற்ற நாடுகள் தங்கள் ஆய்வகங்களில் பல ஆண்டுகளாக உறைய வைத்திருந்த கிருமிகளை எடுத்துத் தேடின. சில மாதங்களுக்குள் கண்டம் கண்டமாக அகப்பட்டது. ஒரு நாடு மட்டும் வேலி போட்டு இதைத் தடுக்க முடியாது என்பது எல்லோருக்கும் நன்றாக உறைத்தது. தீவனத்தில் கலப்பதைச் சீனா 2017-ல் நிறுத்தியது. 2019-ல் இந்திய அரசு உணவுக்கான கால்நடைகளுக்கும் கோழிக்கும் மீனுக்கும் கோலிஸ்டினை அடியோடு தடை செய்தது.

இந்த மாதிரி வேலைக்காகத்தான் அந்தக் கூட்டங்கள். மருந்துக்கு அடங்காத கிருமிகளைச் சமாளிக்க 2015-ல் உலக நாடுகள் ஒரு பொதுச் செயல்திட்டத்தை ஏற்றன. அதையொட்டி இந்தியா 2017-ல் தன் திட்டத்தை வெளியிட்டது. இப்போது மனித சுகாதாரம், விலங்கு சுகாதாரம், உணவு வேளாண்மை, சுற்றுச்சூழல் என நான்கு உலக அமைப்புகள் ஒரே மேசையில் உட்காருகின்றன. ஆண்டுதோறும் நவம்பர் 18 முதல் 24 வரை விழிப்புணர்வு வாரம், பிள்ளைகள் பிடித்த நீல அட்டை அதற்குத்தான். அவசரத்துக்குக் காரணம் உண்டு. 2019-ல் மட்டும் மருந்துக்கு அடங்காத கிருமிகளால் நேரடியாக 12.7 லட்சம் பேர் இறந்ததாகவும், ஏதோ ஒரு வகையில் அது தொடர்புடைய இறப்புகள் 49.5 லட்சம் என்றும் மதிப்பிட்டிருக்கிறார்கள். 2024 செப்டம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் கூடிய நாடுகள், அந்த 49.5 லட்சத்தை 2030-க்குள் 10 சதவீதம் குறைப்போம், பண்ணைகளில் இந்த மருந்துகளின் அளவையும் குறிப்பிடும்படி குறைப்போம் என்று ஒப்புக்கொண்டன. எத்தனை சதவீதம் என்று மனிதருக்குச் சொன்னவர்கள் பண்ணைக்குச் சொல்லவில்லை. எனக்கு அது ஏமாற்றம்தான்.

அதைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது. நாடுகளின் திட்டங்களுக்கு ஊக்கமாக 10 கோடி டாலர் திரட்ட வேண்டும் என்று அதே தீர்மானம் சொல்கிறது. ஆய்வகம், கண்காணிப்பு, பயிற்சி எல்லாம் தேவைதான். ஆனால் ஒரு வாரம் பாலைக் கொட்டும் உங்கள் நஷ்டத்தை யார் ஏற்பது? உலகத்துக்கே நன்மை தரும் காரியத்தின் செலவை இரண்டு மாடு வைத்திருப்பவர் மட்டும் சுமக்க வேண்டும் என்றால், ராத்திரி கேனில் கொஞ்சம் கலந்துவிடத்தான் தோன்றும். சொசைட்டி கூட்டத்தில் இதைக் கேளுங்கள். மருந்து நாட்களுக்கு ஒரு சிறு ஈட்டுத்தொகை ஏற்பாடு செய்யச் சொல்லிக் கேட்பதில் தப்பே இல்லை.

இனி தொழுவத்துக்கு வருவோம். கொட்டும் பாலை ஓடையிலோ சாக்கடையிலோ விடாதீர்கள். ஓடையை விட்டுத் தள்ளி இருக்கும் எருக்குழியில் ஊற்றி, இலைதழையும் சாணமும் போட்டு மூடுங்கள். நன்றாகச் சூடேறி மக்கிய எருவையே தோட்டத்துக்கு எடுங்கள். பால் குடிக்கிற வயதில் கன்று இருந்தால் மற்ற மாட்டின் பாலைக் கொடுக்கத்தான் வேண்டும், வேறு வழியில்லை. புல்லும் தீவனமும் தின்னப் பழகிய கன்றுக்கு அதைக் கூட்டிப் பாலைக் குறைக்கலாம்.

மடிவீக்கமே வராமல் பார்ப்பதுதான் மருந்தைக் குறைக்கும் நேர்வழி. கறந்து முடித்த பிறகு காம்பின் வாய் மூட அரை மணி நேரமாவது ஆகும். அதற்குள் மாடு ஈரத் தரையில் படுத்தால் கிருமி நேராக உள்ளே போகும். ஆடி மழையில் நம் தொழுவங்கள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கறந்த கையோடு காம்பை அயோடின் கரைசலில் முக்கி எடுத்து, முன்னால் தீவனத்தைப் போட்டு நிற்க வையுங்கள். கறப்பதற்கு முன் முதல் இரண்டு பீச்சைக் கறுப்புத் தட்டில் விட்டுப் பாருங்கள். திரிதிரியாகத் தெரிந்தால் அன்றே ஆரம்பம் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த நிலைக்குச் சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைத்துத் தண்ணீரில் கரைத்து மடியில் பலமுறை பூசும் முறையைத் தேசியப் பால்வள வாரியமே பரப்பி வருகிறது. செய்து பார்க்கலாம். மாடு தீனி எடுக்காமல், காய்ச்சலோடு, பால் தண்ணீராகவோ ரத்தமாகவோ வந்தால் பூச்சை நம்பிக் காத்திருக்காதீர்கள். உடனே டாக்டர்தான்.

அடுத்த முறை டாக்டர் வரும்போது, ஊசி போடுவதற்கு முன்னால் ஒரு பால் மாதிரி எடுக்கக் கேளுங்கள். காம்பு நுனியை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, முதல் பீச்சை விட்டுவிட்டுச் சுத்தமான குப்பியில் பிடித்து, ஐஸ் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்பினால் எந்தக் கிருமி, எந்த மருந்து கேட்கும் என்று தெரியும். சில சமயம் கிருமியே வளராது, அப்போது மருந்தே வேண்டியிருக்காமலும் போகலாம். மீந்த டியூபை மற்ற மாட்டுக்கு ஏற்றுவதும், மெடிக்கலில் பேர் சொல்லி ஊசி வாங்கி வருவதும் வேண்டாம். இந்த முறை பயன்படுத்திய டியூபின் உறையை மட்டும் தொழுவத்துச் சுவரில் சொருகி வையுங்கள், அதே மாட்டுக்குத் திரும்ப வந்தால் டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.