டிஎம்எஸ்ஐ, ஐஎம்எஸ்ஐ, 5ஜி: பெங்களூர் வாசகர்கள் கேள்வி பதில்

தொடங்கும் முன் ஒன்று. கேள்வியோடு உங்கள் சிம்மின் 15 இலக்க ஐஎம்எஸ்ஐ எண்ணை எழுதாதீர்கள். இரண்டு பேர் முழுதாக ஒட்டியிருந்தார்கள், நீக்கியாயிற்று.

மாரத்தஹள்ளி: சார், ஐஎம்எஸ்ஐ இருக்கும்போது டிஎம்எஸ்ஐ எதற்கு?

ஐஎம்எஸ்ஐ சிம்மோடு வரும் நிரந்தர எண். முதல் மூன்று இலக்கம் நாடு (நமக்கு 404 அல்லது 405), அடுத்து நிறுவனம், மீதி நீங்கள். அழைப்பு வரும்போது டவர் உங்களைத் தேடி அனுப்பும் பேஜிங் செய்திக்கு மறையாக்கம் கிடையாது. அந்தப் பகுதியில் உள்ள எந்த ரிசீவரும் அதைக் கேட்கும். அதில் ஐஎம்எஸ்ஐ-யே போனால், காலையில் சில்க் போர்டிலும் மாலையில் மெஜஸ்டிக்கிலும் கேட்டவருக்கு இரண்டும் ஒரே ஆள் என்று தெரிந்துவிடும். அதனால்தான் 32 பிட் நீளத்தில் ஒரு தற்காலிகப் பெயர். அதைத் தருவது, யார் எந்தப் பகுதியில் இருக்கிறார் என்று கணக்கு வைக்கும் நெட்வொர்க் கணினி: 2ஜி, 3ஜி-யில் விஎல்ஆர் தருவது டிஎம்எஸ்ஐ. 4ஜி-யில் எம்எம்இ, 5ஜி-யில் ஏஎம்எஃப் தருவது ஜியுடிஐ. அதன் கடைசி 32 பிட்தான் பழைய டிஎம்எஸ்ஐ-யின் வேலையைச் செய்கிறது. புதுப் பெயர் மறையாக்கத்துக்குள்தான் வரும். ஆகவே வெளியாளால் பழையதையும் புதியதையும் முடிச்சுப் போட முடியாது.

அல்சூர்: எத்தனை நேரத்துக்கு ஒருமுறை மாறும்?

இந்த ஏற்பாட்டின் உயிரே இதில்தான் இருக்கிறது. 2ஜி-யில் லொக்கேஷன் ஏரியா (பல டவர்கள் சேர்ந்த ஒரு பகுதி) மாறும்போதாவது மாற்றுவது வழக்கம், ஆனால் விதி அதை நிறுவனத்தின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. 4ஜி-யிலும் அதே கதை. ஒரே இடத்தில் வேலை பார்த்து அதே இடத்தில் தூங்குகிறவரிடம் ஒரே பெயர் நாள்கணக்கில் ஒட்டியிருக்கலாம்.

அப்படி ஒட்டியிருந்தால் என்ன கெடும்? உங்கள் எண்ணுக்கு ஒருவர் அழைத்து, மணி அடிக்கும் முன்பே துண்டிக்கிறார். பேஜிங்கில் ஒரு டிஎம்எஸ்ஐ வருகிறது. சில முறை இப்படிச் செய்தால், ஒவ்வொரு முறையும் தலைகாட்டும் டிஎம்எஸ்ஐ உங்களுடையது; நீங்கள் அந்தப் பகுதியில் இருப்பது உறுதியாகிவிடும். 2012-லேயே மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஜிஎஸ்எம்-இல் (அதாவது 2ஜி-யில்) இதைச் செய்து காட்டினார்கள். மாற்றினால் மட்டும் போதாது, எப்படி மாற்றுகிறார்கள் என்பதும் முக்கியம். 2018-இல் கொரியாவின் கைஸ்ட் ஆய்வாளர்கள் 11 நாடுகளின் 28 நிறுவனங்களைப் பார்த்ததில், 19-இல் புது ஜியுடிஐ பழையதைப் பார்த்தே ஊகிக்கும்படி இருந்தது. சில பைட்கள் மாறுவதே இல்லை. பெயரை மாற்றிவிட்டு அதே சட்டையைப் போட்டுக்கொண்டு வருவது போலத்தான்.

5ஜி விதி இங்கே கறாரானது. முதல் பதிவில், இடம் மாறிய பதிவில், பேஜிங்குக்குப் பதில் கொடுத்த பிறகு என மூன்று இடத்திலும் புது ஜியுடிஐ தந்தே ஆக வேண்டும்.

எலக்ட்ரானிக் சிட்டி (கல்லூரி மாணவர்): அண்ணா, என் சிம்மில் மாறுகிறதா என்று நானே பார்க்க முடியுமா?

முடியும் தம்பி. ஏடி கட்டளை (மோடத்துக்கு நேரடியாகத் தட்டும் கட்டளை) ஏற்கும் 4ஜி யுஎஸ்பி டாங்கிள் வேண்டும். சீரியல் போர்ட்டைத் திறந்து `ஏடி+சிஆர்எஸ்எம்=176,28643,0,0,18` கொடு (எழுத்துகளை ஆங்கிலத்தில் தட்டு). 176 என்பது படிக்கும் கட்டளை, 28643 கோப்பின் எண், 18 அதன் நீளம். பதிலில் முதல் 12 பைட் ஜியுடிஐ; அதில் 9 முதல் 12 வரை எம்-டிஎம்எஸ்ஐ, அதாவது மேலே சொன்ன கடைசி 32 பிட். 2ஜி, 3ஜி டிஎம்எஸ்ஐ-க்கு 28542, நீளம் 11. முதல் நான்கு பைட். எல்லாம் எஃப் என்று வந்தால் செல்லுபடியாகும் பெயர் எதுவும் பதிவாகவில்லை என்று பொருள். சில மோடம்கள் அணைக்கும்போதுதான் சிம்மில் எழுதும், அதனால் ஒவ்வொரு வாசிப்புக்கும் முன் முறையாக அணைத்து எழுப்பு. நேரம், இடம், நான்கு பைட் என்று ஒரு தாளில் ஒரு வாரம் குறித்து வா. எந்த பைட் அசையவில்லை என்று பார்.

உன் சிம்மை மட்டும். பிறர் அலைவரிசையை ஒட்டுக்கேட்பது தொலைத்தொடர்புச் சட்டம் 2023-படி மூன்று ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம்.

ஜெயநகர்: ஃபோனை அணைத்துப் போட்டால் மாறிவிடுமா?

மாறும் என்று உறுதி இல்லை. அணைத்தாலும் பழைய பெயர் சிம்மில் கிடக்கும். எழுந்ததும் ஃபோன் அதைச் சொல்லித்தான் உள்ளே நுழையும். புதியது தருவது நெட்வொர்க்கின் கையில்.

கம்மனஹள்ளி: ஏரோபிளேன் மோட் போட்டால்?

ஜெயநகர்க்காரருக்குச் சொன்னதே.

பானசவாடி: சார், சிம்மைக் கழற்றி மாட்டினால் டிஎம்எஸ்ஐ...

மேலே படியுங்கள். இதே கேள்வி மூன்றாவது முறை.

சிவாஜிநகர்: ஃபோன் திருடு போயிற்று, டிஎம்எஸ்ஐ வைத்துக் கண்டுபிடிக்கலாமா?

முடியாது. காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, சஞ்சார் சாத்தி தளத்தின் சிஇஐஆர் பகுதியில் ஐஎம்இஐ-யை முடக்கச் சொல்லுங்கள். ஐஎம்இஐ கருவியின் எண், ஐஎம்எஸ்ஐ சிம்மின் எண். இரண்டையும் குழப்ப வேண்டாம்.

ஒயிட்ஃபீல்ட்: இவ்வளவு கவலை எதற்கு? 5ஜி-யில் ஐஎம்எஸ்ஐ காற்றில் போவதே இல்லையே. பிரச்சினை தீர்ந்தது.

கோரமங்களா: தீரவில்லை. ஊரில் பாதி 5ஜி-க்குப் பின்னால் ஓடுவது 4ஜி கோர்தான், அதாவது டவர்களுக்குப் பின்னால் உள்ள மைய நெட்வொர்க்.

ஒயிட்ஃபீல்ட்: அது பழைய கதை. விதியிலேயே மறைப்பு இருக்கிறது.

கோரமங்களாக்காரர் பக்கம்தான் நியாயம். விதியில் இருப்பது சரி: சிம்மின் நிரந்தர எண்ணில் ஆளைக் குறிக்கும் பகுதியை நிறுவனத்தின் பொதுச் சாவியால் பூட்டி, ஒவ்வொரு முறையும் புது வடிவில் அனுப்புவார்கள். அதற்குப் பெயர் எஸ்யுசிஐ. நாடும் நிறுவனமும் திறந்தே போகும், வழி தெரிய வேண்டுமே. ஆனால் இது வேலை செய்ய மூன்றும் சேர்ந்து அமைய வேண்டும்.

முதலில், 5ஜி கோர், அதாவது ஸ்டாண்ட்அலோன். நான்-ஸ்டாண்ட்அலோனில் பதிவு 4ஜி கோர் வழியே. அங்கே எஸ்யுசிஐ கிடையாது. ஜியோ ஸ்டாண்ட்அலோனாகவே போட்டது. ஏர்டெல் நான்-ஸ்டாண்ட்அலோனில் தொடங்கியது.

இரண்டாவது, சிம்மில் அந்தப் பொதுச் சாவி இருக்க வேண்டும். இல்லையென்றால் விதியே "நல் ஸ்கீம்" என்று ஒன்றை அனுமதிக்கிறது: உறை மட்டும் எஸ்யுசிஐ, உள்ளே எண் அப்பட்டமாக. 4ஜி காலத்து சிம்மை இன்னும் வைத்திருப்பவர்கள் கடையில் இதைக் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

மூன்றாவதுதான் என்னை உறுத்துவது. போலி டவர் உங்கள் 5ஜி பதிவை நிராகரித்தால், அந்த நிராகரிப்பு அடையாளச் சோதனைக்கு முன்பே வருவதால் ஃபோன் நம்பி 4ஜி-க்கு இறங்கும். 4ஜி-யில் "நீ யார்?" என்று ஐஎம்எஸ்ஐ கேட்டால், பாதுகாப்பு தொடங்கும் முன்பே ஃபோன் பதில் சொல்லும். இந்தக் கேள்வி விதியில் இருப்பதற்கும் காரணம் உண்டு: நெட்வொர்க் தன் பட்டியலை இழந்தால் வேறு வழியில்லை. 2ஜி-க்கு இறக்கினால் இன்னும் மோசம். அங்கே டவர் தன்னை நிரூபிக்கவே வேண்டியதில்லை.

ஒயிட்ஃபீல்ட்: அப்படியானால் நான் செய்யக்கூடியது?

2ஜி-யை அணையுங்கள். ஆண்ட்ராய்டு 12 முதல் பல ஃபோன்களில் சிம் அமைப்புகளுக்குள் "2ஜி-யை அனுமதி" என்ற சுவிட்ச் உண்டு. ஐஃபோனில் ஐஓஎஸ் 17 முதல் லாக்டவுன் மோட் 2ஜி-யை நிறுத்தும். முதலில் வோல்ட்இ (4ஜி வழியாகவே பேசும் வசதி) இயங்குகிறதா பாருங்கள், இல்லையென்றால் அழைப்பே வராது. கிருஷ்ணகிரி தாண்டி மலைக் கிராமத்துக்குப் போகும்போது தேவைப்பட்டால் திறந்து, திரும்பியதும் மூடுங்கள்.

ஹோசூர் (தினமும் பெங்களூர் வந்து போகிறவர்): அத்திப்பள்ளி தாண்டும்போது பெயர் மாறுமா?

கர்நாடகா வட்டத்திலிருந்து தமிழ்நாடு வட்டத்துக்கு மாறுகிறீர்கள். டிராக்கிங் ஏரியாவும் (லொக்கேஷன் ஏரியாவுக்கு 4ஜி-யில் உள்ள பெயர்) எம்எம்இ-யும் மாறும், அதனால் புது ஜியுடிஐ கிடைக்கும். டாங்கிள் இருந்தால் இரு பக்கமும் படித்து ஒப்பிடுங்கள். முடிவை எழுதும்போது நான்கு பைட் மட்டும் போதும், ஐஎம்எஸ்ஐ வேண்டாம்.

ராமமூர்த்தி நகர்: நிறுவனத்துக்கும் நாம் யாரென்று தெரியாதா?

தெரியும். டிஎம்எஸ்ஐ காற்றில் ஒட்டுக்கேட்பவரிடமிருந்துதான் காக்கும். அழைப்பு விவரங்களைக் குறைந்தது இரண்டு ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது 2021 டிசம்பரிலிருந்து உரிம நிபந்தனை.