ப்ரவுட் மேரியும் சுத்த தன்யாசியும்

வணக்கம்.

க்ரீடன்ஸ் க்ளியர்வாட்டர் ரிவைவல் என்ற அமெரிக்க ராக் குழுவின் 'ப்ரவுட் மேரி' தொடக்கத்தைக் கீபோர்டில் வாசித்துப் பார்த்தேன். கார்டுகளின் (ஒன்றாக ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகளின்) மூல ஸ்வரங்கள், அதாவது கார்டுக்குப் பெயர் தரும் ஸ்வரங்கள், சுத்த தன்யாசி அவரோகணம் போலவே இறங்குகின்றன. ஆனால் அந்த ராகத்திலேயே மேலே வாசித்தால் கிட்டாரோடு இடிக்கிறது. இணையத்தில் சிலர் சி, ஏ மைனர் என்கிறார்கள், சிலர் சி, ஏ மேஜர் என்கிறார்கள். எது சரி? இது அமெரிக்கத் தென்மாநிலமான லூசியானாவின் சதுப்பு நிலத்து மரபிலிருந்து வந்த பாட்டுதானா?

ம., மதுரை

அன்புள்ள ம.,

ஏ மேஜர்தான் சரி. இடிப்பதற்கும் அதுவே காரணம்.

தொடக்கம் சி–ஏ, சி–ஏ, பிறகு சி–ஏ–ஜி–எஃப் என்று இறங்கி டி-யில் நிற்கிறது. டி-யை ஸட்ஜமாக வைத்தால் மூல ஸ்வரங்கள் நி, ப, ம, க, ஸ. நீங்கள் கேட்டது சரிதான், சுத்த தன்யாசியின் அவரோகணமேதான். ப்ளூஸ்காரர்கள் மைனர் பென்டடானிக் என்று சொல்வதும் இந்த ஐந்து ஸ்வரங்களைத்தான். ஆனால் பாட்டை எழுதிப் பாடிய ஜான் ஃபோகர்ட்டி ஒவ்வொரு ஸ்வரத்தின் மேலும் ஒரு மேஜர் கார்டை ஏற்றி வைத்திருக்கிறார். சி கார்டில் கைசிகி நிஷாதம் (கீழ் நி) இருக்கிறது. அடுத்து வரும் ஏ மேஜரில் காகலி நிஷாதம் (மேல் நி) வந்துவிடுகிறது. எஃப் கார்டில் சாதாரண காந்தாரம் (கீழ் க), டி-யில் இறங்கியதும் அந்தர காந்தாரம் (மேல் க). ஐந்து கார்டுகளுக்குள் 12 ஸ்வரஸ்தானங்களில் 9 வந்து போகின்றன. எந்த ராகத்தை எடுத்துக்கொண்டு போனாலும் எங்காவது மோதத்தான் செய்யும். மேலே வாசிக்க வேண்டுமென்றால் ராகத்தை விட்டுவிட்டு அந்தந்தக் கார்டின் மூன்று ஸ்வரங்களையே பிடியுங்கள்.

ஏ மைனர் என்று எழுதுகிறவர்கள் கைப்பழக்கத்தில் எழுதுகிறார்கள். சி மேஜரைப் பிடித்த விரல் தானாக ஏ மைனருக்குப் போகும், அவ்வளவுதான். அப்படி வாசித்தால் இரண்டு நிஷாதங்களின் உரசல் போய்விடும். பாட்டுக்குள் ஈர மண் வாசனை எங்கேயாவது இருக்கிறதென்றால் அந்த உரசலில்தான் இருக்கிறது.

கிட்டாரில் ஈ வடிவ பார் கார்டு (ஒரு விரலால் எல்லாத் தந்திகளையும் அழுத்திப் பிடிப்பது) ஒன்று போதும்: 8-ஆம் ஃப்ரெட்டில் (கழுத்துக் கட்டையில்) சி, 5-இல் ஏ, 3-இல் ஜி, 1-இல் எஃப். விரல் அமைப்பை மாற்றாமல் கையை மட்டும் நகர்த்துங்கள், டி-க்கு மட்டும் திறந்த கார்டு. கார்டுகளுக்கு நடுவே இடது கையைத் தளர்த்தி ஒலியை வெட்டுவது முக்கியம். விடாமல் வருடிக்கொண்டே இருந்தால் தாளம் வழிந்துவிடும்.

கீபோர்டு வாசிக்கிற உங்களுக்கு வரக்கூடிய சிக்கல் வேறு. பயிற்சி பெற்ற கை, சி-க்கும் ஏ-க்கும் பொதுவான ஈ-யைப் பிடித்துக்கொண்டு மற்ற விரல்களை மட்டும் நகர்த்தப் பார்க்கும். மற்ற பாட்டுகளில் அது நல்ல பழக்கம். இங்கே வேண்டாம், மூன்று விரல்களும் மொத்தமாகக் குதிக்கட்டும்.

சரணம் தொடங்கியதும் இந்தக் கலவரமெல்லாம் அடங்கிவிடுகிறது. எட்டு பார் (தாளச் சுற்று) முழுக்க டி மட்டும்தான். சலிப்பில் நடுவே ஜி போட்டுவிடாதீர்கள். பிறகு சக்கரம் சுழலும் வரிக்கு இரண்டு பார் ஏ, மேரியின் பெயர் வரும் வரிக்கு இரண்டு பார் பி மைனர். சில இசைத்தாள்களில் பி மைனருக்குப் பின் ஜி இருக்கும். இரண்டுக்கும் பி, டி ஸ்வரங்கள் பொது என்பதால் இடிக்காது. ஏ வந்தால் காது டி-யை எதிர்பார்க்கும், பி மைனர் அதை ஏமாற்றிவிடும். டி திரும்பக் கிடைப்பது 'ரோலிங்' என்ற சொல்லில்தான். கூட்டம் அந்த இடத்தில் சேர்ந்து பாடுவது சும்மா இல்லை. அங்கே கேட்கிற துணைக்குரல்களும் ஃபோகர்ட்டியுடையவையே, ஒன்றின் மேல் ஒன்றாகத் தனியாகப் பதிந்தவை.

இனி பூர்வீகம். குழு கலிஃபோர்னியாவின் எல் செரிட்டோவைச் சேர்ந்தது, சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவின் கரை. 1968-இல் ஃபோகர்ட்டிக்கு ராணுவ ரிசர்வ் பணியிலிருந்து விடுவிப்புக் கடிதம் கைக்கு வந்த மகிழ்ச்சியில் எழுதத் தொடங்கிய பாட்டு இது. நகரத்து வேலையை விட்டேன் என்ற முதல் வரிக்கு அதுதான் பின்னணி. மேரி முதலில் ஒரு வீட்டு வேலைக்காரப் பெண்ணாகத்தான் அவர் மனதில் இருந்தாள், பிறகுதான் பாட்டில் வரும் சக்கரப் படகானாள். தொடக்கக் கார்டுகள் பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியிலிருந்து கிளைத்தவை என்று அவரே சொல்லியிருக்கிறார். அங்கேயும் முதல் அசைவு ஒரு மூன்றாம் இடைவெளி (நடுவில் ஒரு ஸ்வரத்தைத் தாண்டும்) இறக்கம்தான். ஆக ஜெர்மானியச் சிம்பொனி, ப்ளூஸ் ஸ்வரங்கள், கலிஃபோர்னியாக் கை. சதுப்பு நிலம் கற்பனையில் மட்டும். அதனால் பாட்டுக்கு ஒரு குறையும் இல்லை.

பாட்டு வந்தது 1969 ஜனவரியில், பில்போர்டு என்ற அமெரிக்கப் பாட்டுத் தரவரிசையில் இரண்டாம் இடம் வரை போனது. 1971-இல் புகழ்பெற்ற ஐக், டினா டர்னர் வடிவம் மெதுவாகத் தொடங்கிப் பின்னர் வேகமெடுப்பது. அதைக் கேட்டு இந்தக் கார்டுகளைச் சரிபார்க்காதீர்கள், குழம்பிவிடும்.

உண்மையான லூசியானா வேண்டுமென்றால் டேல் ஹாக்கின்ஸின் 'சூசி க்யூ' கேளுங்கள். 1957, ஷ்ரீவ்போர்ட் நகரத்து வானொலி நிலையத்தில் பதிவானது, கிட்டார் ஜேம்ஸ் பர்ட்டன். க்ரீடன்ஸ் குழுவுக்கு முதல் வெற்றியைத் தந்ததும் 1968-இல் அவர்கள் திரும்பப் பாடிய அந்தப் பாட்டுதான். இரண்டு வடிவங்களையும் அடுத்தடுத்து வைத்துக் கேட்டால் ஃபோகர்ட்டி எதை எடுத்துக்கொண்டார், எதை விட்டார் என்று உங்கள் காதுக்கே பிடிபடும்.