ஹீட் மேட் போட்டும் கெக்கோ சூடான பக்கம் வரமாட்டேங்குது

கேள்வி: வீட்ல ஒரு லெப்பர்ட் கெக்கோ (செல்லமா வளர்க்கற ஒரு வகை பல்லி) இருக்கு. அதோட கண்ணாடி டேங்க்குக்கு அடியில ஹீட் மேட் (கரண்ட்ல சூடாகற விரிப்பு) ஒட்டி நேரா ப்ளக்ல சொருகியிருக்கேன், கண்ணாடில ஒட்டின தெர்மாமீட்டர் 27 டிகிரிதான் காட்டுது, ஆனா அது எப்பவும் எதிர்ப் பக்கத்து கூலான மூலையிலயே கிடக்குது, சாப்பாடும் குறைஞ்சிடுச்சு. இன்னொரு மேட் போடணுமா?

பதில்: வேண்டவே வேண்டாம்ங்க, முதல்ல இருக்கற மேட்டையே ஆஃப் பண்ணுங்க. கண்ணாடில ஒட்டினது காட்டுறது அந்த இடத்து காத்தோட சூடு, உங்க கெக்கோ வயித்தை வச்சு படுக்கிறது தரையில, தெர்மோஸ்டாட் (சூடு அளவுக்கு வந்ததும் மேட்டை நிறுத்துற கருவி) இல்லாத மேட்டுக்கு மேல தரை 40 டிகிரியைத் தாண்டிடலாம், தோல் வெந்துடும். அது தப்பிச்சுதான் அந்த மூலைக்குப் போகுதுன்னு எனக்குத் தோணுது. தூக்கி வயித்தைப் பாருங்க, சிவப்போ கொப்பளமோ இருந்தா காத்திருக்காம ரெப்டைல் பாக்கற டாக்டர்கிட்ட போயிடுங்க.

அப்புறம் ஒரு தெர்மோஸ்டாட் வாங்குங்க, இதுல மட்டும் மிச்சம் பிடிக்காதீங்க. அதோட புரோபை (சூட்டை அளக்கற வயர் முனை) சூடான பக்கத்துல கெக்கோ ஒளியற இடத்துக்குள்ள, மேட்டுக்கு நேர் மேல, தரையோட ஒட்டி டேப் வெளிய தெரியாம ஃபிக்ஸ் பண்ணணும், ஏன்னா கெக்கோ அதை இழுத்து கூலான பக்கம் போட்டுடுச்சுன்னா தெர்மோஸ்டாட் இன்னும் சூடு பத்தலன்னு நினைச்சு மேட்டை ஓட்டிக்கிட்டே இருக்கும், நான் ரொம்ப பயப்படுறது இதுக்குத்தான். டிஸ்ப்ளேல வர்ற நம்பரை நம்பாம டெம்பரேச்சர் கன் (தொடாம சூட்டை அளக்கறது) வச்சு தரையை அளங்க: சூடான பக்கம் 31லேர்ந்து 33, கூலான பக்கம் 24லேர்ந்து 26. ராத்திரி 20 பக்கம் இறங்கினாலும் பரவாயில்ல, சிவப்பு பல்பு தேவையில்ல.

மேட் தரையில மூணுல ஒரு பங்குக்கு மேல வேண்டாம், முழுசா சூடாக்கிட்டா அது ஒதுங்கறதுக்கு இடமே இருக்காது. மேல மண்ணு கனமா போட்டா சூடு மேல வராது, அடியில தேங்கும், அது தோண்டிப் படுத்தா சுட்டுடும். சூடு கல்லு (கரண்ட்ல சூடாகற கல்லு) வாங்கவே வாங்காதீங்க.

தெர்மோஸ்டாட் வர்ற வரைக்கும், ரூம் ரொம்ப குளிரா இல்லேன்னா, ஒண்ணு ரெண்டு நாள் சூடு இல்லாம தாங்கிக்கும், அந்த நாள்ல பூச்சி மட்டும் குடுக்காதீங்க, உடம்பு சூடு இல்லாம அதுக்கு செரிக்காது. சரியா செட் பண்ணினப்புறம் ரெண்டு பக்கமும் மாறி மாறிப் போகுதான்னு ஒரு வாரம் கவனிங்க, அப்பவும் சாப்பிடாம வால் மெலிய ஆரம்பிச்சா அது சூட்டுப் பிரச்சனை மட்டும் இல்ல, டாக்டர் பாக்கட்டும்.