கேளுங்கள், டீச்சர் பதில் சொல்கிறேன்

கே: என் மகள் மூன்றாம் வகுப்பு. நாள் முழுக்க ஓயாமல் பேசுவாள். கவிதை எழுதச் சொல்லி நோட்டைக் கொடுத்தால் மட்டும், 'அழகிய நிலவே, அன்பான நிலவே' என்று இரண்டு வரி எழுதிவிட்டு, "போதுமாம்மா?" என்கிறாள். கண்ணால் பார்த்ததை எழுத எப்படிப் பழக்குவது?
– வாசகி, கல்லிடைக்குறிச்சி

ப: கொஞ்ச நாளைக்கு நோட்டும் பேனாவும் உங்கள் கையில் இருக்கட்டும் அம்மா. அவள் பேசட்டும், நீங்கள் எழுதுங்கள்.

உங்கள் ஊர்ப் பக்கம் நான் வேலை பார்த்தபோது, பிள்ளைகளைக் கன்னடியன் கால்வாய்க் கரைக்குக் கூட்டிப்போவது வழக்கம். "கொக்கு நிக்கு டீச்சர்" என்றான் ஒரு பையன். எத்தனை காலில் என்று கேட்டேன். "ஒத்தக் கால்ல." அப்போ இன்னொரு கால் எங்கேடா? குனிந்து, நிமிர்ந்து, நன்றாகப் பார்த்துவிட்டுச் சொன்னான். அவன் சொன்னதை அப்படியே மடக்கிக் கரும்பலகையில் எழுதினேன்:

வாய்க்கால்ல கொக்கு
ஒத்தக் கால்ல நிக்கு
இன்னொரு கால
வயித்துக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கு

'நிக்கு' என்பதை 'நிற்கின்றது' என்று நான் திருத்தவில்லை. நீங்களும் திருத்தாதீர்கள். எழுத்துத் தமிழ் பாடப்புத்தகத்தில் வந்துவிடும். பிள்ளையின் பேச்சு ஒருமுறை கூசிப்போனால் திரும்ப வருவது கஷ்டம்.

சங்கப் புலவர் கபிலரும் இதே மாதிரிக் காட்சியைத்தான் பார்த்திருக்கிறார். குறுந்தொகை 25-ஆம் பாட்டில், ஓடும் நீரில் ஆரல் மீனுக்காகக் குருகு (கொக்கு மாதிரிப் பறவை) ஒன்று காத்து நிற்கிறது. அதன் கால் தினைத்தாள் போல மெலிந்து பசுமையாக இருக்கிறது. 'அழகான' என்ற சொல்லே அந்தப் பாட்டில் கிடையாது.

நாம் கேட்கிற கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது. "எது மாதிரி இருக்கு?" என்று எடுத்த எடுப்பில் கேட்டால், மேகம் என்றால் பஞ்சு, நிலா என்றால் தட்டு என்று கேட்டுப் பழகிய பதில்தான் வரும். என்ன பண்ணுது, எங்கே, அப்புறம் என்ன ஆச்சு என்று கேளுங்கள். உங்கள் ஊரில் அப்பளம் காயப்போடுவார்களே, அங்கே அவளை உட்கார வையுங்கள். முதலில் காய்வது ஓரமா, நடுவா? ஓரம் எந்தப் பக்கம் சுருளுது? தொட்ட விரலில் என்ன வாசம்? அவள் சொல்லச் சொல்ல எழுதி, வாசித்துக் காட்டுங்கள். எங்கே மூச்சு நிற்கிறதோ அங்கே அவளையே கோடு போடச் சொல்லுங்கள். அதுதான் வரி. எந்த வார்த்தை வேண்டாம் என்பதையும் அவளே அடிக்கட்டும்.

விருந்தாளி முன்னால் நிறுத்தி ஒப்பிக்கச் சொல்லாதீர்கள், தயவுசெய்து.

கே: எதுகை, மோனை சொல்லித் தராமல் இப்படி எழுதவிட்டால் வெறும் வசனமாகப் போய்விடாதா? என் வகுப்பில் முப்பது பேர் வேறு.
– ஆசிரியர், நாங்குநேரி

ப: போகாது சார். மேலே உள்ள வரிகளைப் பாருங்கள்: கொக்கு, நிக்கு. வரிக் கடைசியில் ஒலி ஒத்து வருகிற அந்த இயைபை யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை, தாலாட்டும் விடுகதையும் கேட்ட காது தானாகச் செய்தது. தினமும் ஒரு பாட்டை வாய்விட்டுப் பாடுங்கள், இந்த வயதுக்கு அது போதும். இலக்கணம் ஆறாம் வகுப்புக்கு மேல் வரட்டும்.

முப்பது பேர் என்றால், பக்கத்தில் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம் இருக்கிறதே! தை, மாசி வாக்கில் கூட்டிப்போங்கள். ஊருக்குள்ளே தெரு மரத்திலேயே நாரை கூடு கட்டியிருக்கும். ஐந்து ஐந்து பேராகப் பிரித்து, ஆளுக்கொரு பறவை என்று ஓடவிடாமல், ஒரு குழுவுக்கு ஒரே கூடு கொடுங்கள். பத்து நிமிஷம் யார் கையிலும் பென்சில் வேண்டாம். அப்புறம், முன்னால் பேசியவன் சொல்லாத ஒன்றைத்தான் அடுத்தவன் சொல்ல வேண்டும் என்று வையுங்கள். நாலாவது, ஐந்தாவது பிள்ளை வேறு வழியில்லாமல் உற்றுப் பார்க்கும். அந்தப் பிள்ளைகள் சொல்வதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.